நடுவெயிலில் ஓடும் மோட்டர்

“விடியத் துவங்கினது, பத்மாசினி, இன்னும்—”

“உது கிணத்து மோட்டர் இல்லை எண்டு எத்தினை தரம்—”

“—நிக்கேல்லை. மத்தியானமாப் போச்சு. என்ரை கத்தரிக்கு—”

“—சொல்லுறது, குகதாசண்ணை? கொஞ்சம் பொறுங்கோ, நான் சொல்லி முடிக்கிறன்!”

“நீ சொல்லி முடிக்கக் கிணறு வத்திப் போடும்.”

மட்டுவிலில் அவர்கள் இருவருக்கும் ஒரே கிணறு. பாட்டன்மார் சகோதரர்கள், சேர்ந்து வெட்டி, காணி உறுதியில் ஆளுக்குப் பாதி என்று எழுதிவிட்டுப் போனவர்கள். குகதாசன் தன் பாதித் தண்ணீரில் கத்தரித் தோட்டம் செய்கிறார். பத்மாசினி தாய்வீட்டைத் திருத்தி, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்குகிற விடுதியாக்கியிருக்கிறாள். கேட்கிறவர்கள் எல்லாம் முதலில் கேட்பது “பூல் இருக்கோ?” என்றுதான். அதனால் பின்வளவில் ஒரு நீச்சல் தடாகம். மாசியில் அதைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பியபோது கிணற்றின் அடிக்கல் தெரிந்தது. குகதாசன் அதை மறக்கவில்லை.

“வாங்கோ, உள்ளுக்கு வந்து பாருங்கோ” என்றாள் பத்மாசினி. “இந்தக் குழாயாலை பூல் தண்ணி போகுது. மண் நிரப்பின இந்தப் பீப்பாவுக்குள்ளை வடிபட்டு, அந்தக் குழாயாலை திரும்பப் பூலுக்கே வருது. கிணத்திலையிருந்து ஒரு வாளி எடுக்கேல்லை.”

“அப்ப ஏன் அதைச் சும்மா சுத்த விடுறாய்?”

“நிண்ட தண்ணி பாசி பிடிக்குமெல்லே.”

“சரி, அதே தண்ணியெண்டே வைப்பம். அதுக்கு நடுவெயிலிலையோ? ஆராவது வெயிலுக்கை இறைக்கிறதோ? விடிய ஒரு இறைப்பு, பொழுதுபட ஒரு இறைப்பு. உன்ரை அப்பரும் தோட்டம் செய்தவர்தான். மத்தியானம் அவர் மிசினைத் துவக்கிக் கண்டனியோ?”

“பூல் கட்டின பெடியன் பகலிலைதான் விடச் சொன்னவன். வெயில்தானாம் குளோரினைத் தின்னுறது. கூரையிலை சோலரும் கிடக்கு.”

“பெடியனுக்கு என்ன தெரியும்? அவன்ரை மண்ணோ இது? பிள்ளை, கிணத்திலையிருந்து வாற என்ரை வாய்க்கால் தண்ணியை ஒருக்கா வாயிலை வைச்சுப் பார்.”

வைத்துப் பார்த்தாள். இலேசாக உவர்த்தது. பங்குனி வெயிலில் எந்த வருடமும் அப்படித்தானோ, இந்த வருடம்தானோ, அவளால் சொல்ல முடியவில்லை.

“கிணறு வத்த வத்த உப்பு ஏறும். ஏறினால் கத்தரி போச்சு. எனக்கு உதை விட்டால் வேறை என்ன கிடக்கு?”

அன்றைக்கே பத்மாசினி மோட்டரின் நேரத்தை மாற்றினாள். விடிய ஒருக்கா, பொழுதுபட ஒருக்கா. மகள் தர்சிகா சிரித்தாள்.

“அம்மா, அது பூல். கத்தரிப்பாத்தி இல்லை.”

“ஒரு கிணத்திலை அள்ளுற ஆக்களோடை பகைக்கேலாது. நீ உன்ரை வேலையைப் பார்.”

“வாற திங்கள் நோர்வே ஆக்கள் வருகினம், நினைவிருக்கோ?”

நினைவில்லாமல் இல்லை. அம்மன் கோயிலில் பங்குனித் திங்களுக்குப் பொங்க வருகிற குடும்பம். முழு வீட்டையும் எடுத்திருந்தார்கள். பிள்ளைகள் இறங்கி நீந்தவென்றே வருகிறார்கள். இவர்கள் போய் நல்லதாகச் சொன்னால் ஆடி வரைக்கும் ஆட்கள் வருவார்கள். முகம் சுளித்தால் விடுதியைப் பூட்ட வேண்டியதுதான்.

முதலில் தடாகத்தின் படிக்கட்டு வழுக்கியது. பிறகு மூலைகளில் ஒரு மங்கல். வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் பச்சையாகி, அடி தெரியவில்லை.

பத்மாசினி செந்தூரனுக்குப் போன் எடுத்தாள். தடாகம் கட்டியவன் அவன்தான்.

“அன்ரி, எவ்வளவு நேரம் ஓடவிட்டனீங்கள்?”

“விடியக் கொஞ்சம், பொழுதுபடக் கொஞ்சம்.”

“பகல் முழுக்க எண்டெல்லே சொன்னனான்? ஆர் மாத்தினது?”

“தோட்டம் செய்யிற ஆள் ஒராள்.”

“இனி ரெண்டு வழிதான் அன்ரி. குளோரினை அள்ளிப் போட்டு, இராப்பகலா மோட்டரை நிப்பாட்டாமல் விடோணும். திங்களுக்குள்ளை தெளிஞ்சாலும் தெளியும். நிச்சயம் எண்டு சொல்லமாட்டன். இல்லாட்டி முழுத் தண்ணியையும் வெளியாலை விட்டு, உரஞ்சிக் கழுவி, புதுசா நிரப்போணும்.”

அவள் போனை வைக்கவும், குகதாசன் ஒரு பை கத்தரிக்காயோடு படலையைத் திறந்துகொண்டு வரவும் சரியாக இருந்தது.

“இந்தா பிள்ளை, கறிக்கு. நீ என்ரை சொல்லுக் கேட்டனி, பார், கிணறும் கொஞ்சம் ஊறியிருக்கு. இரவிலை நல்ல நித்திரையும்—” தடாகத்தைக் கண்டுவிட்டார். “உதென்ன கோலம்? நாத்து நடலாம் போல கிடக்கு!”

“நீங்கள் சொன்ன இறைப்பு நேரம்தான் அண்ணை.”

“நான் சொன்னன் எண்டால்? நீ படிச்சனி, உனக்கெல்லே தெரியோணும்?”

“எனக்குத் தெரிஞ்சதைத்தான் அண்டைக்கு வேலியிலை நிண்டு கத்தினனான்.”

அவர் பையைக் கீழே வைத்தார். அவள் செந்தூரன் சொன்னதைச் சொன்னாள்.

“புதுசா நிரப்புறதெண்டால்... எங்கடை கிணத்திலையோ?”

“வேறை எங்கை?”

“தண்ணிப் பவுசர் லொறியிலை எடுக்கலாமே.”

“அதையும் செந்தூரனிட்டைக் கேட்டனான். பங்குனியிலை குடிக்கத் தண்ணி காவவே பவுசர்காரருக்கு நேரமில்லையாம்.”

“பழைய குளோரின் தண்ணியை எந்தப் பக்கம் விடுவாய்?”

“நிலம் சரிவு உங்கடை பக்கம்தான்.”

குகதாசன் கத்தரிப் பாத்திகளைத் திரும்பிப் பார்த்தார்.

“மற்றதெண்டால், இராவிலையும் உந்தச் சத்தமோ? என்ரை அறை யன்னலுக்கு நேரையெல்லே கிடக்கு.”

“ஓம். இண்டையிலையிருந்து திங்கள் விடியும் மட்டும். நடுவெயிலிலையும்தான்.”

அவர் தோளிலிருந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிந்தும் துவாயை இறக்கவில்லை. பத்மாசினி மோட்டர் கொட்டிலுக்குள் போய், சுவிச்சில் கையை வைத்துக்கொண்டு அங்கிருந்தே கேட்டாள்:

“போடட்டோ அண்ணை, இல்லாட்டித் தண்ணியைத் திறந்து விடட்டோ?”