இடது கையின் பழக்கம்

ஆல்பினின் இடது கை மட்டும் இன்னும் போலந்தை விட்டு வரவில்லை. அங்கே அவன் ஓட்டிய விமானத்தில் வேகம் கூட்ட நெம்புகோலைப் பின்னால் இழுக்க வேண்டும். இங்கிலாந்துக்காரன் கொடுத்த ஹரிக்கேன் போர் விமானத்தில் முன்னால் தள்ள வேண்டும். போன வாரம் மேலே எழும்பும் அவசரத்தில் இழுத்துத் தொலைத்து, ஓடுபாதை முடிந்து வேலிக்குள் போய் நின்றான்.

"இன்னொரு தடவை இழுத்தே, பறக்கிறவங்க பலகையில உன் பேரை அழிச்சிடுவேன். அப்புறம் ஆபீஸ்ல உக்காந்து காகிதம் அடுக்கு" என்றார் படைப்பிரிவின் தலைவர் கேப்டன் ஓர்லிக். ஜெர்மன்காரனிடம் நாடும் வீடும் பறிபோய், ருமேனியா, பிரான்ஸ் என்று ஓடி வந்தவனுக்கு மிச்சம் இருந்தது அந்த விமானி இருக்கைதான்.

இன்று காலை இங்கிலாந்தின் கென்ட் வானத்தில் ஒரு ஜெர்மன்காரன் அவன் முதுகில் ஒட்டிக்கொண்டான். இறக்கையில் குண்டுகள் தடதடத்தன. தப்ப வேகம் வேண்டும். யோசிக்க நேரமில்லை, கை இழுத்துவிட்டது. எஞ்சின் அடங்கி விமானம் தொய்ந்தது. செத்தோம் என்று நினைத்தான். ஆனால் பாய்ந்து வந்தவனால் நிற்க முடியவில்லை. தாண்டிப் போய் இவன் துப்பாக்கிகளுக்கு முன்னால் விழுந்தான். ஆல்பின் சுட்டான்.

இறங்கியதும் நண்பன் ரோமுவால்ட் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "டேய், கண்ணால பாத்தேன்டா! என்னா வித்தைடா அது!"

ஓய்வுக் குடிசையில் புதிதாக வந்த மூன்று விமானிகளுக்கு ரோமுவால்டே பாடம் எடுத்தான். "பின்னால வர்றானா? இழு. முன்னால போயிடுவான். சுடு. அவ்ளோதான்."

மூன்று இடது கைகளும் காற்றில் இழுத்துப் பார்த்தன. கேப்டன்கூடத் தட்டிக்கொடுத்தார். பால் ஊற்றிய அந்தக் கண்றாவி ஆங்கிலத் தேநீரை ஆல்பின் குடிக்காமலே கீழே வைத்தான். எதிரி முன்னால் வேகத்தைக் குறைப்பவன் பிழைப்பது குருட்டு அதிர்ஷ்டம். வாயைத் திறந்தால் இருக்கை போகும்.

எதிரி விமானங்கள் வருவதாக மணி அடித்தது. எல்லோரும் கதவுக்குப் பாய்ந்தார்கள்.

"நில்லுங்கடா!" ஆல்பின் கத்தினான். "அது வித்தை இல்ல! பழைய பழக்கத்துல கை இழுத்துடுச்சு. நீங்க இழுத்தீங்க, செத்தீங்க!"

கேப்டன் அவனை ஒரு கணம் பார்த்தார். கட்டைவிரலால் பலகையில் அவன் பெயரைத் துடைத்துவிட்டு ஓடினார்.

ஒரு மணி நேரம் ஆல்பின் புல்தரையில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். புதியவர்கள் மூவரும் வந்துவிட்டார்கள். ரோமுவால்ட் கடைசியாக வந்தான், வால் முழுக்க ஓட்டைகளோடு.

"ஒருத்தன் பின்னால ஒட்டிட்டான்டா" என்றான். "கை இழுக்கத்தான் போச்சு. நீ போட்ட சத்தம் ஞாபகம் வந்துச்சு. தள்ளிட்டேன்."

ஆல்பின் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். பலகை இருந்த பக்கம் திரும்பவே இல்லை.