எட்டு அவரை விதை

அவரை போட்டாச்சு என்று சிவகணேஷ் மாமியாரிடம் சொன்னபோது அது இன்னும் சாம்பலோடு பாட்டிலில்தான் கிடந்தது. எட்டு விதை. அவன் மனைவி சுகிர்தா எடுத்து வைத்தது.

வருகிற தை மாதம் அவள் இறந்து வருஷம் திரும்புகிறது. "திதிக்கு அவ கொடியில காய்ச்ச அவரைதான் வைக்கணும் மாப்ளே" என்று சேரன்மகாதேவியிலிருந்து மாமியார் வடிவம்மாள் போனில் கேட்டாள். "மத்த காயைக் கடையில வாங்கிக்கிடலாம். இந்நேரம் போட்டிருப்பியளே?"

"போட்டாச்சு அத்தை." வாயில் அதுதான் வந்தது.

சுகிர்தா ஆடி பிறந்ததுமே ஊன்றிவிடுவாள். இப்போது ஆவணி பத்து. இனிமேல் போட்டால் தைக்குள் காய்க்குமா? அதுவும் பாளையங்கோட்டையில், வாடகை வீட்டு மொட்டை மாடியில். அவள் வைத்திருந்த தொட்டிகளை அவன்தான் போன பங்குனியில் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெயிண்ட் வாளி நான்கு வாங்கி அடியில் ஓட்டை போட்டான். ஸ்கூட்டரில் போய், வற்றிய குளத்தின் அடியில் படிந்திருந்த கரம்பை மண் இரண்டு சாக்கு அள்ளி வந்தான். கோடையில் வண்டி வண்டியாக அதைத்தானே வயலுக்கு அடிக்கிறார்கள். வாளிக்கு இரண்டு விதை. ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஒன்றும் இல்லை. வேலை பார்க்கிற கல்லூரி அலுவலகத்திலிருந்து மதியம் வந்தும் பார்த்தான். ஏழாம் நாள் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினான். மாமியார் தினமும் கூப்பிட்டாள்.

"கொடி விட்டிருக்குமே இப்போ?"

"விட்டிருக்கு அத்தை."

ஒன்பதாம் நாள் காலை, கீழ்வீட்டு முகம்மது மைதீன் துணி காயப்போட மேலே வந்தான். சிவகணேஷோடு கல்லூரியில் படித்தவன். வாளி மண்ணைச் சுண்டிப் பார்த்தான்.

"ஏலே, செடி வளக்கியா, செங்கல் அறுக்கியா?"

"கரம்பைடா. நல்ல மண்ணு."

"வயலுக்கு நல்ல மண்ணுலே. அங்கன மணலோட கலந்துரும். நீ முழு வாளியும் இதையே போட்டு, மேல்காத்துல காய விட்டிருக்க. முளை எப்படிலே முட்டிட்டு வரும்?"

சிவகணேஷ் கீழே ஓடி ஒரு கரண்டி எடுத்து வந்தான். வேகமாகக் கிளறப் போனான்.

"பைய, பைய. குடு இங்கன" என்றான் மைதீன். சிவகணேஷ் கொடுக்கவில்லை.

முதல் வாளியில் மண் ஓடு போலப் பெயர்ந்தது. அடியில் இரண்டு முளை, வெளிறி, கழுத்து ஒடிந்து கிடந்தன. அடுத்த இரண்டு வாளியிலும் விதைகள் அழுகியிருந்தன. ஓடாகிப் போன மண்ணுக்கு அடியில் ஒரே சகதி.

கடைசி வாளி. ஒன்று அழுகல். பக்கத்தில் இன்னொன்று, கொக்கி மாதிரி வளைந்து, ஒடியாமல் நின்றது. மைதீன் கீழே போய், வீடு பூசியதில் மீதமிருந்த ஆற்று மணல் ஒரு பக்கெட் கொண்டுவந்தான். இருவரும் விரலால் சுற்றிலும் மண்ணை உடைத்து மணலைக் கலந்தார்கள். காற்று ஆட்டாமலிருக்க சிவகணேஷ் மேற்கே நான்கு செங்கல் அடுக்கினான். அணிலுக்குப் பயந்து மேலே வடிதட்டைக் கவிழ்த்தான். கீழே இறங்கியவன் திரும்ப ஏறிப் பார்த்தான். இரண்டு நாளில் அதையே இருபது தடவை செய்திருப்பான்.

மூன்றாம் நாள் காலை அவன் மாடியில் இருக்கும்போதே போன் வந்தது.

"கொடிக்குக் கயிறு கட்டிட்டியளா மாப்ளே?"

"அத்தை, நான் பொய் சொன்னேன். ஆடியில போடல. இப்பத்தான் போட்டேன். எட்டையும் போட்டு ஏழு விதையைக் கெடுத்துட்டேன். ஒண்ணுதான் இருக்கு."

எதிர்முனையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"எத்தனை இலை?"

"ரெண்டு."

"அது விதையிலை. நடுவுல குருத்து இருக்கா, பாருங்க."

"தெரியல."

"நல்லாக் குனிஞ்சு பாருங்க மாப்ளே. நான் போனை வைக்கல."

அவன் போனைத் தரையில் வைத்துவிட்டு, வடிதட்டை எடுத்து, முட்டி போட்டுக் குனிந்தான்.