சத்தம் போடாத கதவு

நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டால் குழந்தையின் தலை நுழைந்துவிடும் என்கிறாரே, எந்தக் குழந்தையின் தலையை வைத்து அளந்தார்களாம்?

அவள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் வேலிக்காரர் நின்று நிதானமாகப் பதில் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது. வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒன்று கேட்டால் மூன்று சொல்கிற மனிதர் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. அவள் மகன் உருண்டையின் தலைச் சுற்றளவு நாற்பத்தேழரை சென்டிமீட்டர். டாக்டர் நாடாவால் சுற்றி அளந்தபோது, கிச்சுக்கிச்சு மூட்டுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தான். அளவு எழுதிய அட்டை மருந்து அலமாரியின் உள்கதவில் இன்னும் ஒட்டியிருந்தது.

வேலிக்காரர் நீச்சல்குளத்தின் ஓரத்தில் மூன்று மாதிரிகளைச் சாய்த்து வைத்திருந்தார். கண்ணாடி ஒன்று, வலை ஒன்று, இரும்புக் கம்பி ஒன்று. அவள் கணவன் நோட்டுப் புத்தகத்தோடு குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். பத்து நிமிடத்தில் சோபா வாங்கி வந்த ஆள் அவன். வேலிக்கு மட்டும் இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"கண்ணாடி பாக்க அழகுங்க. ஆனா தொடச்சுத் தொடச்சே ஆயுசு போயிரும். அதுவும் சின்னக் கை இருக்கற வீட்டுல கேக்கவே வேணாம்."

"வலை?"

"கழட்டி மாட்டறது. கழட்டற வேலிய எந்த மகராசன் திரும்ப மாட்டறான், சொல்லுங்க? நான் கம்பிதான் சொல்வேன். நெட்டுக்குத்தா நிக்கற கம்பி. குறுக்க மேல ஒன்னு, கீழ ஒன்னு. நடுவுல ஒன்னு வச்சீங்கன்னா அது வேலி இல்லீங்க, ஏணி. அப்புறம் அந்த மோட்டார் பெட்டி, பூந்தொட்டி எல்லாம் மூணடி தள்ளிப் போகணும். பசங்க எதுல வேணும்னாலும் ஏறுவாங்க." எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார். "பையனுக்கு என்ன வயசுங்க?"

"ஒன்னே முக்கால்" என்றான் கணவன்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. இவர் வெளியூர்க்காரர், இவருக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்று காலையிலேயே சொல்லியிருந்தான். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. உருண்டைக்கு இனி எப்போதும் ஒன்றே முக்கால்தான்.

"ஆமா, பழைய கதவுல என்ன கோளாறு? நல்லாத்தானே சாத்துது" என்று கேட்டுக்கொண்டே வேலிக்காரர் பழைய கதவை முழுக்கத் திறந்து கையை விட்டார்.

டமார்.

நாற்பத்தோரு நாளாக அவள் கேட்காத சத்தம். அவள் காது அவளைக் கேட்காமல் தானாக உள்ளறைப் பக்கம் போயிற்று. சிணுங்கல் வருகிறதா என்று பார்த்தது. காதுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"கவர்ன்மெண்ட் ஆளுங்க பாத்துட்டு உயரம் அரையடி கம்மின்னு சொல்லிட்டாங்க. முப்பது நாள்ல மாத்தணும்" என்றான் கணவன்.

"உயரம் சரிங்க. சத்தத்தச் சொல்லலையா? செத்தவன்கூட எழுந்து உக்காருவான்." சொல்லிக்கொண்டே கட்டை விரலால் கதவின் ஓரக் கம்பியைத் தடவினார். "அட, இங்க பாருங்க. பெயிண்ட் வளையமா தேஞ்சிருக்கு. கயிறு கட்டியிருக்காங்க. நான் போற வீட்டுல பாதி இதே கதைதான். சத்தம் தாங்காம கதவக் கட்டிப் போட்டுருவாங்க. கட்டிப்போட்டா அப்புறம் அதுக்குப் பேரு கதவா?"

"முன்னாடி இருந்தவங்க கட்டியிருப்பாங்க" என்றான் கணவன்.

"யாரோ கட்டியிருக்காங்க. விடுங்க. இப்ப எண்ணெய் அடைச்ச கீல் வந்திருக்கு. மெதுவா வந்து முத்தம் குடுக்கற மாதிரி சாத்தும். குழந்த பக்கத்துலயே படுத்துத் தூங்கலாம், அசையாது."

அவள் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனாள். போனவள் வெளியே வரவில்லை.

*

அந்தச் சத்தத்தை முதலில் குறை சொன்னவள் அவள்தான்.

துணி காயப்போடும் கொடி குளத்துக்கு அந்தப் பக்கம், மோட்டார் அறைக்குப் பின்னால் இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண்ணை எல்லோரும் ஆயாக்கா என்று கூப்பிட்டார்கள். உருண்டை தூங்கும் மதியத்தில்தான் அவளுக்குத் துணி காயப்போட நேரம் கிடைக்கும். போகும்போது ஒரு டமார், வரும்போது ஒரு டமார். முதல் டமாருக்குப் புரண்டு படுப்பான். இரண்டாவதுக்கு எழுந்து உட்கார்ந்து வீட்டை இரண்டாக்குவான். பாதித் தூக்கத்தில் எழுந்த பிள்ளை இரவு வரை யார் இடுப்பிலும் நிற்காது. "அந்தக் கதவ ஏதாவது பண்ணுங்களேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கணவனிடம் சொன்னாள். கணவனுக்கு வீட்டிலிருந்தே வேலை, நாள் முழுக்கப் போனில் பேச்சு. அவனுக்கும் அந்தச் சத்தம் தொல்லைதான். பழைய திரைச்சீலைக் கயிற்றை எடுத்துக் கதவைத் திறந்தபடியே வேலியோடு கட்டினான். பிள்ளை தூங்குகிற நேரம் மட்டும், எழுந்ததும் அவிழ்த்துவிடலாம் என்று ஏற்பாடு.

ஆயாக்கா இரண்டு முறை அவிழ்த்துப் போட்டாள். அவன் திரும்பக் கட்டினான். ஒருநாள் அவள் ஆபீசுக்குக் கிளம்பும்போது ஆயாக்கா செருப்பு ஸ்டாண்டு வரை பின்னாலேயே வந்தாள். "இது எனக்குச் சரியாப் படலம்மா. தண்ணி இருக்கற எடம்."

"தூங்கறான்தானே ஆயாக்கா. அரை மணி நேரம்தானே" என்று அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஒற்றைக் காலில் நின்று செருப்பு வாரை மாட்டினாள். இப்போது எந்தச் செருப்பைப் போட்டாலும் அந்த வாக்கியம் வருகிறது.

பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் எல்லாம் செய்தார்கள். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான். சத்தம் எதுவும் எழுப்பாமல் தானாக எழுந்தான், அழவில்லை. கூடத்துக் கண்ணாடிக் கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. ஆயாக்கா கொடியில் படுக்கை விரிப்பு போட்டுக்கொண்டிருந்தாள். விரிப்புக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று ஆயாக்காவுக்குத் தெரியவில்லை. கணவன் முன்னறையில் போனில் இருந்தான். அவள் ஆபீசில் யாருடைய பிறந்தநாளுக்கோ கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே அதிகாரிகள் வந்தபோது கயிறு இல்லை. கதவைத் திறந்து விட்டுப் பார்த்தார்கள். டமார் என்று சாத்திக்கொண்டது. வேலியின் உயரம் குறைவு, ஆனால் கதவில் குற்றமில்லை என்று எழுதிக்கொண்டார்கள். கதவில் குற்றமில்லை என்றால் யாரோ திறந்து வைத்திருக்க வேண்டும். "சார்தான் கட்டி வச்சாரு" என்றாள் ஆயாக்கா. "நான் எதையும் கட்டலை" என்றான் கணவன். "நான் ஆபீஸ்ல இருந்தேன், எனக்கு எதுவும் தெரியாது" என்றாள் அவள். அதில் முதல் பாதி உண்மை.

நாலாம் நாள் துவைக்கப் போட்ட கணவனின் கால்சட்டைப் பையில் கயிறு இருந்தது. அவள் அதைத் தூக்கி எறியவில்லை. ஒளிக்கவும் இல்லை. மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைத்து, இரண்டு கிளிப் போட்டு, முன்வாசலில் புதிதாகக் கட்டிய கொடியில் காயப்போட்டாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். அவன் பார்க்கட்டும் என்றா, அல்லது கைக்கு வந்த வேலையைக் கை செய்ததா? மாலையில் அவன் வெளியே வந்தான், கொடியைப் பார்த்தான், கொஞ்ச நேரம் நின்றான், உள்ளே போய்விட்டான். மறுநாள் கொடியில் இரண்டு கிளிப்புகள் மட்டும் இருந்தன.

ஆயாக்காவைப் போலீசில் தினமும் வரச்சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவளை இனி எந்த வீட்டிலும் குழந்தையைத் தொட விடமாட்டார்கள் என்று பேச்சு. உள்ளே போடுவதா, வெளியே விடுவதா என்பது தாயின் எழுத்துமூலமான வாக்குமூலத்தைப் பொறுத்தது. வெள்ளிக்கிழமைக்குள் தரவேண்டும்.

*

வேலை மூன்று நாள் நடந்தது. முதல் வேலையாகப் பழைய கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றச் சொன்னான் கணவன். வேலிக்காரர் குழி தோண்டிக் காங்கிரீட் போட்டார், கம்பிகளை நூல் பிடித்து நிறுத்தினார், தாழ்ப்பாளின் குமிழைத் தன் நெற்றி உயரத்துக்கு வைத்தார். கணவன் பக்கத்திலேயே நின்று நாடா பிடித்தான். ஒவ்வொரு இடைவெளியிலும் தன் முஷ்டியை நுழைத்துப் பார்த்தான். அறுபத்தி எட்டு இடைவெளி. அவள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். இவ்வளவு கவனத்தை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தான் என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியிலேயே அவன் கையைப் பிடித்து, போதும் வா, என்று உள்ளே கூட்டிவர வேண்டும் என்றும் இருந்தது. அவன் புறங்கையில் தோல் உரிந்திருந்தது.

மூன்றாம் நாள் மதியம் வேலிக்காரர் குரல் கொடுத்தார். "அம்மா, பையனக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க!"

அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"நம்ம பழக்கங்க" என்று கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எந்த வீடா இருந்தாலும் கடைசியில அந்த வீட்டுப் பிள்ளைய விட்டுத்தான் பாப்பேன். நாம உள்ள நின்னுக்கணும், பிள்ளைய வெளிய விடணும். ஒரு பொம்மையக் காட்டிக் கூப்பிடணும். எங்க கை வைக்குது, எங்க கால் வைக்குதுன்னு அது காட்டிக் குடுத்துரும். நாடாவுக்குத் தெரியாததெல்லாம் அதுக்குத் தெரியும். எங்க, பையனக் கண்ணுலயே காட்டலையே?"

கணவன் மெதுவாகச் சொன்னான். "தூங்கறான்."

"ஐயையோ, நான் பாட்டுக்குக் கத்திக்கிட்டு இருக்கேன்." வேலிக்காரர் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. தரையில் கிடந்த சுத்தியலைச் சத்தம் வராமல் எடுத்துப் பையில் வைத்தார். பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு, கால் நுனியில் நடந்து புதுக் கதவைத் திறந்து வெளியே வந்தார். கதவு அவர் பின்னாலேயே மெல்ல வந்து, சொன்ன மாதிரியே சாத்திக்கொண்டது. "பாத்தீங்களா?" என்று வாயை மட்டும் அசைத்தார். "நல்லாத் தூங்கட்டும். நான் இன்னொரு நாள் வரேன்."

அவர் போன பிறகும் கணவன் வேலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். அந்த வார்த்தையைச் சொன்ன நொடியில் அவன் அதை நம்பியிருந்தான் என்று அவளுக்குத் தோன்றியது. நம்பத் தெரிந்துவிட்டால் எதையும் நம்பிவிடலாம். கயிறே கட்டவில்லை என்று நம்பலாம். ஆயாக்காதான் காரணம் என்று நம்பலாம். இன்னும் ஒரு வருடம் போனால் அவளும் நம்பிவிடுவாள்.

*

நாலு மணிக்கு ஜட்ஜ் வந்தார். கணவனின் அண்ணன். பள்ளிக்கூடத்தில் தலைமை எழுத்தராக இருப்பவர்தான், ஆனால் குடும்பத்தில் எந்தச் சண்டைக்கும் தீர்ப்பு அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"வக்கீல் பாத்துட்டார்மா. நீ ஒன்னும் எழுத வேணாம். கையெழுத்து மட்டும் போடு."

அவள் வாசித்தாள். கதவு எப்போதும் தானாகச் சாத்திக்கொள்ளும் நிலையில் இருந்தது. கயிறு கட்டும் வழக்கம் எங்கள் வீட்டில் என்றும் இருந்ததில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் கவனக்குறைவே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

"ஆயாக்காவுக்கு என்ன ஆகும் மாமா?"

"ரெண்டு வருஷம். ஒன்னரையிலகூட விட்டுருவாங்க. அவ பாடு என்னமோ ஆகட்டும், நீ உன் வீட்டப் பாரு. பிள்ளையும் போயி, புருஷனும் உள்ள போகணுமா? அப்புறம் இந்த நாலு சுவத்துக்குள்ள நீ மட்டும் என்ன பண்ணுவ?"

கணவன் சுவரில் சாய்ந்து நின்றான். கையைக் கழுவியிருந்தும் நகக்கண்ணில் காங்கிரீட் ஒட்டியிருந்தது. "நான் என்ன வேணும்னா பண்ணேன்?" என்றான். நாற்பத்தைந்து நாளில் அதைப் பற்றி அவன் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை.

"இல்ல" என்றாள் அவள். "நீங்க வேணும்னு பண்ணல. நானும் வேணும்னு சொல்லல."

"நீ எங்கம்மா இதுக்குள்ள வர்ற?" என்றார் ஜட்ஜ் அதட்டலாக. "வாயில வந்ததெல்லாம் பேசாத. யார் கேட்டாலும் நீ ஆபீஸ்ல இருந்த."

"ஆயாக்கா எங்கிட்ட வந்து சொன்னாங்க மாமா. கதவக் கட்டாதீங்கன்னு. நான்தான் பரவால்லன்னேன்."

ஜட்ஜ் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தம்பிக்கும் அது புதுச் செய்திதான். அவன் முகத்தில் ஒரு நொடி நிம்மதி மாதிரி எதுவோ வந்து போனது, தனக்குத் துணை கிடைத்துவிட்ட மாதிரி. பிறகு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். அவள் எழுந்து அவனிடம் போகவில்லை. போனால் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

"எனக்காகப் போடு" என்றான் கைகளுக்குள்ளிருந்து.

அவள் தாளைத் திருப்பினாள். எழுத்துகள் ஜட்ஜுக்கு நேராகத் தெரியும்படி வைத்து அவர் பக்கம் தள்ளினாள். பேனாவையும் அதன் மேல் வைத்தாள்.

ஜட்ஜ் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரி, இப்ப உன் மனசு சரியில்ல. இன்னிக்கு ராத்திரி நல்லா யோசி. நான் நாளைக்கு வரேன்."

"நாளைக்கும் போட மாட்டேன் மாமா" என்றாள் அவள். "வெயில்ல வீணா அலையாதீங்க."