கண்ணாடிக் குண்டின் உறை

ஊரில் எல்லோரும் அவரை வெயில் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். ரயில் போய் நின்றுவிடும் இடத்திலிருந்து இன்னும் ஏழு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் வருகிற கடற்கரை ஊர் அது. வானிலை நிலையத்துக்கு அவரை அங்கே மாற்றியபோது, கூட வேலை பார்த்தவர்கள், "கொடுத்து வெச்சவர் சார் நீங்க, கடலும் வெயிலுமா இருக்கலாம்" என்றார்கள். அப்படிச் சொன்ன ஒருத்தராவது தனக்கு அந்த மாற்றல் வேண்டும் என்று கேட்டாரா என்றால், மூச்!

எட்டு மாதமாகிவிட்டது. வந்த முதல் வாரமே ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாளை ஒட்டி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு உள்ளே அடைந்தவர்தான். வெப்பம், காற்று எல்லாம் கம்பி வழியாக அவர் மேசைக்கே வந்து சேர்ந்துவிடும். வெயில் அடித்த நேரத்தை அளப்பது மட்டும் இன்னும் பழைய முறை. மொட்டை மாடியில், ஒரு பெரிய சாத்துக்குடி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குண்டு. அதற்குப் பின்னால் மணிக் கோடு போட்ட ஓர் அட்டை. வெயில் குண்டுக்குள் புகுந்து அட்டையைக் கோடாகப் பொசுக்கிக்கொண்டே போகும். மேகம் வந்தால் கோடு விட்டுப்போகும். பொசுங்கிய நீளம் எவ்வளவோ அவ்வளவு நேரம் வெயில். அந்த ஊரில் கோடு விட்டுப்போனதே இல்லை.

கடல் காற்றில் குண்டின் மேல் உப்புப் படிகிறது என்று ஒருநாள் போனில் மனைவியிடம் புலம்பினார். பத்தே நாளில் கெட்டித் துணியில் ஓர் உறை தைத்துப் பார்சலில் அனுப்பிவிட்டாள். பொழுது சாய்ந்ததும் காவலாளி மாடியேறிப் பொசுங்கிய அட்டையை எடுத்துப் புதிதைச் செருகி, உறையைப் போட்டுவிட்டு வருவார். விடிந்ததும் வெயில் சார் ஏறி உறையை எடுக்க வேண்டும். காலையில் அவருக்கு இருந்த வேலை அந்த ஒன்றுதான்.

மனைவி பழைய ஊரில் கணக்கு டீச்சர். ஏழு மணிக்குத் தினமும் போன். அவளுக்கு வெயில் பட்டால் தலைவலி வந்துவிடும். "ஒரு நாளாவது அங்க வெயில் அடங்குதான்னு பாத்துச் சொல்லுங்க. அன்னைக்கே மாறுதல் மனு கொடுக்கறேன்" என்று விளையாட்டாகத்தான் சொன்னாள். மனு கொடுக்கக் கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை. விட்டால் இன்னும் ஒரு வருஷம். இந்த மனுஷர் என்ன செய்திருக்க வேண்டும்? "நீ இல்லாம முடியல, வா" என்று ஒரு வார்த்தை. ஆசை நெஞ்சு முட்ட இருந்தது, வாய்தான் வரவில்லை. அதற்குப் பதிலாக, "பதினொண்ணே கால் மணி நேரம்", "பதினொண்ணரை" என்று தினமும் அட்டையைப் படித்தார். அவள் "ம்" என்பாள். இதுவும் ஒரு தாம்பத்தியம்!

புதன்கிழமை விடியற்காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து போன். போன மாதக் கணக்கில் ஏதோ சந்தேகம். அதோடு மல்லுக்கட்டி முடித்தபோது மணி ஒன்பது. கறுப்புத் தாளுக்கு உள்ளேயே அன்றைய பொழுது போயிற்று. சாயங்காலம் காவலாளி அட்டையோடு இறங்கி வந்தார்.

"அய்யா, அட்டை சுத்தமா இருக்குங்க."

வெயில் சார் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டுக்கூடப் பொசுங்கவில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. மணி ஏழாவதற்குள்ளேயே போனை எடுத்துவிட்டார்.

"கேளு, இன்னைக்கு இங்க வெயிலே இல்ல! ஒரு நிமிஷம்கூட இல்ல!"

"அப்படியா? சரிங்க. நாளைக்கே மனு கொடுத்துடறேன்" என்றாள்.

மறுநாள் காலை, உறையை எடுத்த கையோடு, மனைவி வரப்போகிறாளே என்று முடிவெட்டிக்கொள்ளப் போனார். முடிதிருத்துபவர் பாதித் தலையை முடித்திருந்தார்.

"என்ன வெயில் சார், நேத்து மண்டையப் பொளந்துடுச்சே!"

"நேத்தா? நேத்து வெயிலே இல்லையே."

கத்தரிக்கோல் நின்றது. பெஞ்சில் காத்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "நேத்துக் காலைல அடிச்ச பெயிண்ட் சாயங்காலமே பொரிஞ்சு போச்சு சார். நம்ம கடை வாசக் கதவப் பாருங்க" என்றார் முடிதிருத்துபவர். "வெயில் எழுதற ஆளே வெயிலப் பாக்கலன்னா நாங்க எங்கப்பா போய் முறையிடறது?" என்றது பெஞ்சு.

வெயில் சார் போர்த்தியிருந்த துணியை உதறிவிட்டு எழுந்தார். பாதி வெட்டிய தலையோடு நிலையத்துக்கு ஓடிவந்து, தூங்கிக்கொண்டிருந்த காவலாளியை உலுக்கினார்.

"அய்யோ, தலைக்கு என்னங்கய்யா ஆச்சு?"

"தலை கெடக்கட்டும். நேத்து சாயங்காலம் நீங்க ஏறினப்ப குண்டு மேல உறை இருந்துச்சா?"

"இருந்துச்சுங்களே. நீங்களே போட்டுட்டீங்க போலன்னு நெனச்சேன்."

ராத்திரிக் காவல் காத்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவர் காவலாளி. ஆக அந்த ஊரிலேயே நேற்று வெயிலைப் பார்க்காதவர்கள் இரண்டே பேர். வெயில் கணக்கு இருந்ததோ அந்த இரண்டு பேரிடம்.

பள்ளிக்கூட நேரத்தில் அவள் போனைத் தொடமாட்டாள். ஏழு மணி வரை வெயில் சாருக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு வெள்ளி; மனுவைத் திரும்ப வாங்க இன்னும் ஒரு நாள் இருக்கிறது. தலைவலிக்காரியை ஏமாற்றி வெயிலில் கொண்டுவந்து நிறுத்துவதா? சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். சொன்னால் அவள் வரமாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"இதோ பாரு, நேத்து நான் சொன்னது..."

"பொய்தானே?" என்றாள் அவள்.

வெயில் சார் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"உங்க ஊர் வெயில் என் செல்போன்லயே தெரியுதுங்க. தினமும் நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே பாத்துடுவேன். நேத்தும் பாத்தேன். சுட்டுப் பொசுக்கிட்டு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் மனு கொடுத்த?"

"எட்டு மாசமா நிமிஷம் பிசகாம நிஜத்தையே படிச்சீங்க. ஒரு தடவை வான்னு சொல்ல மாட்டாரா, ஒரு தடவை சொல்ல மாட்டாரான்னு இருந்தேன். நேத்து என்னை வரவைக்கறதுக்காகப் பொய் சொன்னீங்க பாருங்க... அதுக்குத்தான் கொடுத்தேன். எனக்காகத்தானே சொன்னீங்க?"

உறையை எடுக்க மறந்துவிட்டேன் என்பது வெயில் சாரின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மென்று விழுங்கினார்.

"ஆமா," என்றார். "உனக்காகத்தான் பொய் சொன்னேன்."

பிறந்ததிலிருந்து பொய் பேசிப் பழக்கமில்லாதவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவ்வளவு சரளமாக வந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"சரி, இன்னைக்கு எவ்வளவு?"

"பதினொண்ணரை. இது நிஜம்."

"தெரியும்ங்க. குடை எடுத்து வெச்சாச்சு."

"வந்துடு," என்றார் வெயில் சார். இந்தத் தடவை அது தானாகவே வாயில் வந்தது.

போனை வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். புதன்கிழமைக் கட்டம் இன்னும் காலியாக இருந்தது. 'உறை அகற்றப்படவில்லை. பதிவு இல்லை' என்று மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எட்டு மாதமாக யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று மேசை மேலேயே கிடந்த பதிவேடு அது. அதை எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.