வெள்ளைக் கோடிட்ட பதினொரு மரங்கள்

1

இக்கதை ஒரு புகார்க் கடிதத்திலிருந்து பிறந்தது. கடிதத்தை எழுதியவரும் கதையை எழுதுபவனும் வேறு வேறு ஆட்கள் என்று வாசகர் சிறிது நேரம் நம்ப வேண்டும். அதிக நேரம் தேவைப்படாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘குளிர்காலக் காலையில் மூடுபனி காட்டின் மீது வெண்பட்டெனப்...’

(நிறுத்திவிட்டேன். பட்டும் பஞ்சும் இல்லாமல் பனியை எழுதத் தெரியாதவர்கள் கோடையை எழுதட்டும்.)

அடுத்து:

‘ஓய்வு பெற்ற பள்ளியாசிரியர் ஒருவர் காட்டோரத்து வீட்டில் மனைவியுடன் வாழ்ந்துவந்தார்.’

இது நிற்கட்டும். எழுவாய் இருக்கிறது, பயனிலையும் இருக்கிறது. இக்காலக் கதைகளில் இரண்டும் ஒருங்கே கிடைப்பது அரிது.

2

பதினெட்டுக் குளிர்காலங்கள் அவர்கள் அக்காட்டில் நடந்தார்கள். சமையலறைப் பின்கதவைத் திறந்தால் இருபதாம் அடியில் காடு. அவருடைய பழைய மேலங்கியை, கையை இரண்டு மடிப்பு மடித்து, மனைவி அணிந்துகொள்வார். உறைந்த புல் காலடியில் நொறுங்கும். இலையுதிர்ந்த கிளைகளின் ஊடே வெளிச்சம் தரைவரை இறங்கும். கோடையில் மறைந்திருந்த கூடுகளெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

பாதையின் ஒவ்வோர் இடத்துக்கும் மனைவி பெயரிட்டிருந்தார். ‘மூச்சுமேடு’ என்பது ஒன்று. வீட்டில் தொடங்கிய பூசல் எதுவும் தாண்டாத திருப்பத்துக்குச் ‘சமாதான வளைவு’ என்று பெயர்.

“ஏங்க, இன்னைக்கு வளைவு வர்றதுக்குள்ள முடிச்சிருங்க. காபி ஆறுது.”

“நான் தொடங்கவே இல்லையே.”

“மூஞ்சி தொடங்கிருச்சே.”

(இப்பகுதியை மூன்று பக்கங்கள் எழுதி இரண்டைக் கிழித்தேன். வாசகருக்கு இவ்வளவு போதும், எனக்குப் போதவில்லை.)

3

இரண்டாண்டுகளுக்கு முன் மனைவியின் பார்வை மங்கியது. எழுத்துகள் முதலில் போயின. பிறகு மூடுபனியில் பாதையும் போயிற்று. கணவர் கையை நீட்டினார்.

“கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறதுக்கு நான் என்ன பால்வாடிப் பிள்ளையா? பாதை தெரியாட்டி வீட்டுலயே இருந்துட்டுப் போறேன்.”

நான்கு நாள் வீட்டிலேயே இருந்தார். ஐந்தாம் நாள் கணவர், வாயிற்கதவுக்கு அடித்து மீந்த வெள்ளைச் சாயத்தோடு தனியே காட்டுக்குள் போனார். வீடு முதல் வளைவு வரை பதினொரு மரங்களில், மனைவியின் கண்மட்டத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கோடிட்டார்.* நடைபயில்வோருக்காக வன அலுவலகத்தார் இட்டவை என்று வீட்டில் சொன்னார். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு மனைவி தனியாகவே நடந்தார்.

“கண்ணு போச்சுன்னு யாரு சொன்னது? நீங்கதான் பின்னாடி தடுக்கி விழுறீங்க.”

(* மேசையில் பெயர் செதுக்கிய மாணவர்களை முழங்காலிட வைத்தவர் இவர். பாத்திரத்தின் இம்முரண்பாட்டை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.)

4

இக்குளிர்காலத்தில் ஒரு மாதம் மகள் வீட்டில் தங்கித் திரும்பினார்கள். மரங்கள் இருந்த இடத்தில் பதினொரு அடிக்கட்டைகள் இருந்தன. மனைவி பின்கதவுக்கு அப்பால் போகவில்லை. கணவர் கொதித்தெழுந்து வன அலுவலகத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார். மரம் வெட்டும் மேஸ்திரியைக் ‘களவாணி’ என்று இருமுறை குறிப்பிட்டார். கடிதத்தில் ஒற்றுப்பிழைகூட இல்லை.

நேற்று முன்தினம் அந்த மேஸ்திரி வாயிலில் வந்து நின்றார்.

“சார், வெள்ளைக் கோடு போட்ட மரத்த வெட்டுன்னாங்க. வெட்டினேன். இப்ப எண்ணிப் பாத்துட்டுப் பதினொண்ணு கூடுதுங்கிறாங்க. நான் திருடி வித்துட்டேனாம். திங்கக்கெழம விசாரணை. கோடு இருந்துச்சு சார், என் கண்ணால பாத்தேன். நீங்க தெனம் அந்த வழி நடக்கிறவரு. பாத்திருப்பீங்கல்ல?”

கணவர் கதவின் மேல் கைவைத்தபடி நின்றார். அதே சாயம்.

“விசாரணையில் சொல்” என்றார்.

உள்ளிருந்து மனைவி கேட்டார்: “யாருங்க?”

“யாருமில்ல.”

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் கணவர் விசாரணைக்குப் போய் உண்மையைச் சொல்கிறார். செய்தி ஊர் சுற்றி மனைவியின் காதுக்கு வருகிறது. இரண்டாவதில் அவர் போகவில்லை. மேஸ்திரிக்கு வேலை போகிறது. மூன்றாவதில், கோடிட்டவர் யார் என்பது மனைவிக்கு முன்பே தெரியும், சிரித்து மன்னிக்கிறார். மூன்றாவது கணவருக்கு மிகவும் வசதியானது. ஆகவே அதை அடித்துவிட்டேன்.

அடிக்கும்போது பேனா தாளைக் கிழித்த ஓசை அடுத்த அறைக்குக் கேட்டிருக்கிறது.

“என்ன எழுதுறீங்க? மறுபடி புகாரா?”

“கதை.”

“நீங்களா? சரி, படிச்சுக் காட்டுங்க. யாரு திட்டு வாங்குறான்னு பாப்போம்.”

இனிமேல் ‘கணவர்’ என்று எழுதுவதில் பொருளில்லை.

6

படித்தேன். வளைவு வந்தபோது அவள் சிரித்தாள். மூன்றாம் பகுதியில், சாயம் என்ற சொல் வந்ததும், காபித் தம்ளரைத் தரையில் வைத்தாள். நான் நிறுத்தினேன்.

“மேல படிங்க.”

நான்காம் பகுதியையும் படித்தேன். ‘யாருமில்ல’ என்பதை எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது கேட்கத்தான் செய்தது.

நாளை திங்கட்கிழமை. பத்து மணிக்கு நான் விசாரணைக்குப் போகிறேன். முதல் முடிவின் முற்பாதி உறுதியாகிவிட்டது. அதை யாரும் மாற்ற வேண்டாம். பிற்பாதியை, எங்கள் இருவருக்குள் நடப்பதை, வாசகரே எழுதிக்கொள்ளலாம். அவசரமில்லை. காபித் தம்ளர் இன்னும் தரையிலேயே இருக்கிறது.