விசிறியை நிறுத்திய மதியம்

ஊரிலுள்ள லிஃப்டுகளிலெல்லாம் 'அளவுக்கு மேல் ஏற வேண்டாம்' என்று ஸ்டிக்கர் ஒட்டுகிற மெக்கானிக் அவர். வீட்டுக் கம்ப்யூட்டர் என்று வந்தால் மட்டும் அந்தப் புத்தி எங்கேயோ புல் மேயப் போய்விடும். உள்ளே இருந்து திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு உசத்தி ரகம். சும்மா விட்டாலே எந்த விளையாட்டும் வழுக்கிக்கொண்டு ஓடும். மனுஷருக்கு அது போதவில்லை.

விவாகரத்துக்குப் பிறகு மகள் அம்மாவோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவும் மகளும் ஒரு விளையாட்டுக்குள் சந்தித்துக்கொள்வார்கள். அவருக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அந்த விளையாட்டில் அவள் மாதக்கணக்காக ஒரு வீடு கட்டினாள். முடிகிற வரை அவரை உள்ளே விடவில்லை.

"இந்த வாரம் வந்து பாருங்கப்பா. சும்மா உம் கொட்டக் கூடாது, ஒழுங்கா பாக்கணும்," என்று சொல்லியிருந்தாள்.

அந்த உம்தான் அவர் குடியைக் கெடுத்தது. மனைவி பேசப் பேச, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் உம் கொட்டியே காலத்தை ஓட்டியவர்.

ஒழுங்காகப் பார்க்கத்தான் இந்த முறை, கார்டை அதன் அளவுக்கு மேல் ஓட்டுகிற ஓவர்கிளாக்கில் இறங்கினார். மகள் கட்டிய வீட்டில் ஒரு திரைச்சீலைகூடத் திக்காமல் அசைய வேண்டும் என்று ஆசை. வாரம் முழுக்கக் கார்டின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். அது இழுக்கும் மின்சாரத்துக்கு இருந்த வரம்பையும் தளர்த்தினார். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிரே மேசை விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, சோதனை மேல் சோதனை வைத்தார். கார்டு அசரவில்லை.

ஞாயிறு மதியம் ஹெட்செட்டில் மகள் குரல் வந்தது. "என்னப்பா ஒரே காத்துச் சத்தம்? நீங்க பேசுறதே கேக்கல."

"இரும்மா, ஒரு நிமிஷம்."

விசிறியை நிறுத்தினார். பெட்டியின் உறுமலும் மைக்கில் விழுமே என்று கண்ணாடியையும் மாட்டி முடுக்கினார். கார்டு இத்தனை சோதனையிலும் தேறியது அந்த விசிறிக் காற்றால்தான் என்பது மனுஷருக்கு உறைக்கவில்லை. லிஃப்டில் வேறொருவன் இப்படிச் செய்திருந்தால் கிழி கிழி என்று கிழித்திருப்பார்.

விளையாட்டுக்குள் அவருடைய ஆள் வீட்டு வாசலில் நின்றது. மகளின் ஆள் கதவைத் திறந்தது. உள்ளே ஒரு கூடம், மூலையில் மாடிப்படி, ஜன்னல் வழியே வெயில். திரைச்சீலை உண்மையாகவே திக்காமல் அசைந்தது.

"வாங்கப்பா," என்றாள்.

கார்டுக்குச் சூடு தாங்கவில்லை. திரை இருண்டது. கார்டின் விசிறிகள் ஊளையிட்டன. குரல் மட்டும் அறுபடாமல் வந்துகொண்டிருந்தது.

"இதான் கூடம். அந்தப் பக்கம் என் ரூம். நல்லாருக்காப்பா?"

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் அவள் குரலும் போய்விடும். திரை போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய்க்குப் பழக்கமானதுதான் வந்தது.

"உம். நல்லாருக்கும்மா."

"மாடியில உங்களுக்கும் ஒரு ரூம் கட்டியிருக்கேன். பாத்தீங்களா?"

"பாத்தேன்மா. ரொம்ப அழகா இருக்கு."



"நீங்க இன்னும் வாசல்லயேதான்பா நிக்கிறீங்க."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார்.

"இல்லம்மா, திரை கறுத்துப்போச்சு. நிஜமாத்தான் சொல்றேன்."

"உம்," என்றாள் மகள்.

அவர் கார்டைப் பற்றிச் சொன்னார், விசிறியைப் பற்றிச் சொன்னார், அடுத்த வாரம் கட்டாயம் பார்ப்பதாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அதே உம்தான் வந்தது.