ஒட்டிக்கொண்ட தோல்

டொராண்டோவிலிருந்து வந்த போன் சீக்கிரமே முடிந்துவிட்டது. கெரிட் வான்டர்வீன் ஆயுள் முழுக்கச் சம்பாதித்த பெயர் அதற்குள் தரைமட்டம்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை தவளைகள். ஒரு தவளையின் தோலை வேறு வம்சத்துத் தவளைமேல் ஒட்டினால் அதன் உடம்பு சும்மா விடுமா? அந்நியன் என்று கண்டுகொண்டு அழித்துவிடும். ஆனால் தலைப்பிரட்டையாக இருக்கும்போதே அந்நிய ரத்த அணுக்களை ஊசியால் ஏற்றிவிட்டால், வளர்ந்தபின் அந்தத் தோலைச் சாகும்வரை தன்னுடையதாகவே வைத்துக்கொள்ளும். இதுதான் கெரிட் காட்டியது. பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது.

ஓய்வுபெறும் நேரம். இந்தத் துறையில் யார் கேட்டாலும் விலங்குகளைக் கொடுத்தாக வேண்டும். டொராண்டோக்காரர்கள் கேட்டார்கள், கொடுத்தார். பழைய சோதனைத் தவளைகளின் உறைந்த திசு மாதிரிகளையும் சேர்த்து அனுப்பினார். இரண்டு வம்சத்தையும் அவர் தனித்தனித் தொட்டியில் வளர்த்திருந்தார். அவர்கள் வம்சத்தைச் சோதித்தார்கள்.

"டாக்டர், உங்க ரெண்டு தொட்டியும் ஒரே வம்சம். பழைய மாதிரியும் அப்படித்தான். அச்சு அசல்."

தன் தோல் தன்மேல் ஒட்டியதில் என்ன அதிசயம்? முதல் கோடையில் பூஞ்சை வந்து ஒரு தொட்டி காலியாகி, மறுபடி நிரப்பியபோது பக்கத்துத் தொட்டிக் குஞ்சுகள் போயிருக்க வேண்டும். கண்ணால் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. ஊசி போடாத தவளையில் தோல் ஒட்டிப் பார்த்திருந்தால் அதிலும் ஒட்டியிருக்கும், அன்றே குட்டு உடைந்திருக்கும். பூஞ்சைக்கு முன்னால் ஒருமுறை பார்த்ததோடு சரி. "தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்குத் தவளையை வீணாக்கணும்?" என்று மாணவர்களிடம் பெருமையாகக் கேட்பார் மனுஷன்!

அதுகூடப் போகட்டும். லோர்னா பெல்கி இருக்கிறாளே, அவளுக்கு அவர் செய்ததுதான் பெரிய பாவம்.

லோர்னா அவரோடு படித்தவள். அதே ஊசியைப் போட்டும் அவளுடைய தவளைகள் மட்டும் ஒட்டிய தோலை உதறிக்கொண்டே இருந்தன. சிகாகோ கூட்டத்தில் அவள் எழுந்து அதைச் சொன்னபோது, கெரிட் மைக்கைப் பிடித்து, "லோர்னாவுக்குக் கைராசி இல்லைன்னா தவளை என்ன பண்ணும் பாவம்?" என்றார். அரங்கமே சிரித்தது. அதன்பின் அவளுக்கு ஆராய்ச்சிப் பணம் வரவில்லை. வடக்கே ஒரு சிற்றூரின் சின்னக் கல்லூரியில் வகுப்பெடுக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை அவருக்கு வழியனுப்பு விருந்து. அதற்குமுன் அவளிடம் நேரில் சொல்லாவிட்டால் அந்த மேடையில் எந்த முகத்தோடு நிற்பது? வெள்ளியன்று மாக்கினா பாலத்தைத் தாண்டிப் பனியில் ஓட்டிப் போனார்.

"அட, பெரிய மனுஷன்! வழி தவறிட்டியா?" என்று கதவைத் திறந்தாள் லோர்னா. சூடாக ஒரு பாஸ்டியை, அந்த ஊர் இறைச்சிப் பணியாரத்தை, தட்டில் வைத்தாள். "சாப்பிடு. மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

அவர் தட்டைத் தொடவில்லை. ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். "உன் தவளைங்கதான் சரி, லோர்னா. கட்டுரையை வாபஸ் வாங்கறேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் உன் பேரைச் சொல்லித்தான்..."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"சிகாகோல நீ கிண்டல் பண்ணினதை நான் அப்பவே மன்னிச்சுட்டேன்ப்பா," என்றாள். "அதுக்கப்புறம் உனக்குப் போன் பண்ணினேனே, ஞாபகம் இருக்கா? எங்க தப்பு பண்றேன்னு கேட்டேன். எப்படி வெட்டணும், எப்படித் தைக்கணும்னு பொறுமையாச் சொல்லிக் குடுத்தே."

"ஞாபகம் இருக்கு." அந்தப் பொறுமையைத் தன் பெருந்தன்மை என்று இத்தனை காலம் அவர் நினைத்திருந்தார். காது மடல் சுட்டது.

"நீ சொன்ன மாதிரியே தைச்சேன். வேற வம்சத்துத் தோல் எல்லாமே விழுந்துச்சு. ஒரு வாட்டி, என் கை எப்படின்னு பார்க்க, ஒரு தவளைக்கு அதோட தோலையே எடுத்து அதுமேலயே தைச்சேன். அது ஒட்டிக்கிச்சு, கெரிட். அழகா ஒட்டிக்கிச்சு."

"அப்போ உன் கை சரின்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமே!"

"தெரிஞ்சிருக்கணும்," என்றாள். "ஆனா நீ தப்பா இருப்பேன்னு எனக்குத் தோணவே இல்லை. அந்த ஒண்ணு மட்டும் எதேச்சையா ஒட்டிக்கிச்சுன்னு, அந்தக் குறிப்பைக் குப்பையில போட்டுட்டேன்."